கோட்டுக்கு இப்புறம் நின்ற மட்டை

சென்ற வாரம் பாஸ்கர் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னார். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாஸ்கர் இளைஞர், உடற்கல்வி ஆசிரியர், எங்கள் மாவட்டப் பள்ளிகளின் சாப்ட்பால் ஆட்டங்களுக்கு இப்போது நடுவராக இருக்கிறார். நடுவர்களுக்கான பயிற்சி வகுப்பு முடிந்து பேருந்தில் ஏறிய உடனே பேசினார்.

"சார், புதுசா ஒன்னு சொல்லிக் குடுத்தாங்க. அடுத்து ஆட வர்ற பொண்ணு வெளியில காத்துனு இருக்கும் இல்ல, அங்கயே பேட்டை வாங்கிப் பாத்துடணுமாம். உள்ள கால் வைக்கட்டும், அப்பறம் அவுட்டு குடுக்கலாம்னு நிக்கக் கூடாதாம். எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு. நீங்க அன்னைக்கே செஞ்சதுதானே சார் இது?"

"ஆமாம்" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தேன். பிறகு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். மாடிக்குப் போய் இராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்தேன், பார்க்கப் புதிதாக அங்கே ஒன்றுமில்லை, இறங்கிவிட்டேன். என் மனைவி சமையலறையிலிருந்து, "எத்தத் தேடறீங்க? சொன்னா நானாவது எடுத்துக் குடுப்பேன்" என்றாள்.

அன்றைக்கு நான் செய்தது என்ன என்பதைப் பற்றிச் செஞ்சிக் கடைத்தெருவில் அவரவர் அறிந்த வகையில் பேசியிருக்கிறார்கள். நான் யாருக்கும் பதில் கூறியதில்லை. தீர்ப்புக்கு விளக்கம் சொல்லித் திரியும் நடுவர், தீர்ப்புச் சொல்லும் தகுதியை இழக்கிறார் என்பது நான் பயின்ற பாடம். இப்போது பாஸ்கரும் அவரைச் சேர்ந்தவர்களும் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். எவரையும் சமாதானப்படுத்துவது என் நோக்கமில்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். அதன்பின் உடற்கல்வியில் பட்டம் பெற்றேன். இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. ஊதலை ஊதிப் பிள்ளைகளை வெயிலில் ஓடவிடுபவர் என்ற அளவிலேயே 'பி.டி. மாஸ்டர்' என்ற சொல்லை இவ்வூரில் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்றதில்லை. பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில் சாப்ட்பால் நடுவர் தேர்வு எழுதித் தேறினேன். பேஸ்பாலின் உடன்பிறப்பு போன்ற ஆட்டம் அது; பந்து சற்றுப் பெரியது; கையைக் கீழாகச் சுழற்றி எறிய வேண்டும்; ஓர் அணிக்கு ஒன்பது பேர்; அடித்தவர் பேஸ் எனப்படும் மூன்று இடங்களைத் தொட்டு, அடித்த இடமான ஹோம் பிளேட்டுக்கே திரும்பினால் ஒரு ரன். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் அதை மிக நன்றாக ஆடுவார்கள். நான் நின்ற இடம் பெரும்பாலும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், பந்தைப் பிடிக்கக் குந்தியிருக்கும் கேட்சரின் தோளுக்கு மேலே. முழங்கால்களைச் சற்றே மடக்கி, உடலை முன்சாய்த்து நின்று, பந்து சரியாக வந்ததா என்று சொல்வது அங்கே நிற்பவரின் வேலை. மட்டை சட்டப்படி உள்ளதா என்று பார்ப்பதும் அவர் வேலைதான்.

மட்டை என்றால் மரக்கட்டை என்று எண்ணுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் மைதானங்களுக்கு வரும் மட்டை உள்ளீடற்ற உலோகக் குழாய். நுனியில் ஒரு மூடி. பந்து பட்டதும் குழாயின் சுவர் சிறிது உள்வாங்கி, மறுகணம் பந்தை வெளியே தள்ளும். சுவர் மெலிய மெலிய அந்தத் தள்ளல் கூடும். ஆகவே சில பெரியவர்கள் மூடியைக் கழற்றி, உள்ளே கடைந்து, சுவரை மெலிதாக்கி, மறுபடி ஒட்டிவிடுவார்கள். பெரியவர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எந்தப் பிள்ளையும் இதைத் தானாகச் செய்ததை நான் கண்டதில்லை.

இதைக் கண்டுபிடிக்கும் முறையை எனக்குக் கற்றுத்தந்தவர் அவலூர்பேட்டையைச் சேர்ந்த தணிகாசலம் ஐயா. மாவட்டத்தின் தலைமை நடுவர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் இரு அணிகளுக்கும் முன்னதாக மைதானத்தில் இருப்பார். எந்தப் பள்ளி கொடுக்கும் தேநீரையும் குடிக்க மாட்டார். போடப்படும் நாற்காலியில் உட்கார மாட்டார். மைதானத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளையைக்கூட 'நீங்க' என்றுதான் அழைப்பார். தனியே இருக்கும்போது எங்களை 'நீ' என்பார். அவர் வாயிலிருந்து 'நீ' வரும்வரை எங்களுக்கு அச்சம் கிடையாது.

ஆட்டத்துக்கு முன் ஒரு தார்ப்பாயை விரித்து, இரு அணிகளின் மட்டைகளையும் பிடி தம் பக்கம் இருக்கும்படி அடுக்கச் சொல்வார். பிள்ளைகள் விலகி நிற்க வேண்டும். குத்துக்காலிட்டு அமர்ந்து, சட்டைப் பையிலிருந்து சிறிது பஞ்சை எடுத்து மட்டையின்மேல் மெல்ல நீவிக்கொண்டே போவார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் பஞ்சின் இழை அதில் சிக்கி நின்றுவிடும். பிறகு வளையம். மட்டையின் தடித்த பகுதி அந்த வளையத்துக்குள் தங்குதடையின்றி நுழைந்து வெளிவர வேண்டும்; அடிபட்டு ஒரு பக்கம் புடைத்திருந்தால் வளையம் நின்றுவிடும். அதன்பின் மட்டையைக் காதருகே வைத்து ஆட்டுவார். உள்ளே ஏதும் கலகலக்கக் கூடாது. கடைசியாக நுனி மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விளிம்பில் புதுப் பசையின் பளபளப்புத் தெரிந்தால் அங்கேயே விரல் நிற்கும்.

தேறிய மட்டையை வலப்பக்கம் வைப்பார். தேறாததை ஒரு துண்டில் சுற்றி ஸ்கோர் மேசைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிடுவார். யாருடையது என்று கூட்டத்துக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் உரியவரிடம் துண்டோடு கொடுப்பார். துண்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்.

ஒருமுறை வேறோர் ஊரில், திருத்தப்பட்ட மட்டையிலிருந்து பாய்ந்த பந்து, எறிந்த பெண்ணின் கன்னத்திலேயே பட்டது. அவள் கையைத் தூக்கக்கூட நேரம் இருக்கவில்லை. அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியபின் தணிகாசலம் ஐயா நடுவர்களாகிய எங்களை வரிசையாக நிறுத்தி, அந்த மட்டையை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்.

"கையில வாங்கிப் பாருங்க. லேசா இருக்குதுல்ல? இந்த லேசுதான் அந்தப் பொண்ணு கன்னத்துல போய் விழுந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். அதன்பின் மட்டைச் சோதனையை நான் ஒருநாளும் சடங்காகச் செய்ததில்லை.

இன்னொரு பாடமும் அவரிடம் பெற்றேன். நான் நடுவரான முதல் ஆண்டில், ஆட்டத்தின் நடுவே ஒரு மாணவியிடம், "மூடி ஆடுகிறது, மாற்றிக்கொள்" என்று சொல்லிவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் என்னைத் தனியே அழைத்தார்.

"இன்னா சொன்ன அந்தப் பொண்ணாண்ட?"

சொன்னதைச் சொன்னேன்.

"பேசறதெல்லாம் தார்ப்பாய் மேல பேசிக்க. ஆட்டம் ஆரம்பிச்ச பிறகு, நடக்கறதுக்கு முன்னாடி வாயைத் தொறந்து ஒருத்தரக் காப்பாத்துனின்னா, நீ அந்த டீமோட பத்தாவது ஆளு. ஒம்போது பேருக்குத்தான் ஆட்டம்."

நடந்ததைத் தீர்ப்பதே நடுவரின் வேலை; நடக்கவிருப்பதை மாற்றுவது ஆடுகிறவரின் வேலை. இது என் மனத்தில் கல்லில் வெட்டியதுபோல் பதிந்தது. பல ஆண்டுகள் அதன்படியே நின்றேன். கண்டிப்பானவன் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஐயாவின் முறையில் நான் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். தேறிய மட்டைமேல் அவர் சாக்பீஸால் கோடிடுவார். பிள்ளைகளின் வியர்வையில் அது அழிந்துவிடும். நான் பிடிக்குக் கீழே நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு ஒன்று வைத்தேன். அதை வாங்கக் கடைத்தெருவின் பேன்சி ஸ்டோருக்கு நானே போக வேண்டியிருந்தது. கடைக்காரம்மா பாட்டிலைக் காகிதத்தில் சுற்றியபடி, "இன்னா சார், ஊட்ல கேட்டாங்களா? இதே கலர்ல பொட்டும் வந்து இருக்குது" என்றார். "அலுவலுக்கு" என்றேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கடையே சிரித்தது. ஆனால் அந்தப் பொட்டு வெயிலிலும் வியர்வையிலும் அழியவில்லை. பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். பொட்டில்லாத மட்டை சோதிக்கப்படாத மட்டை. அதோடு மட்டையாளர் கட்டத்துக்குள் கால் வைத்தால் அவர் அவுட். மட்டை திருத்தப்பட்டது என்று தெரிந்தால் ஆட்டத்தைவிட்டே வெளியேற்றம். மட்டை யாருடையது என்று விதி கேட்பதில்லை. யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

எங்கள் மாவட்டத்தில் அந்த இடத்தில்தான் ஒரு சிக்கல் இருந்தது. அரசுப் பள்ளிகளிடம் மட்டைகள் மிகக் குறைவு. ஆட்டத்தின் நடுவே ஓர் அணிக்கு மட்டை இல்லாமற்போனால் எதிரணி கொடுத்து உதவும். விதியில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, வழக்கத்தில் உண்டு. அந்த வழக்கத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. கொடுப்பவர் தம்மிடம் உள்ளதில் நல்லதையே கொடுக்க வேண்டும். ஒதுக்கி வைத்ததைக் கொடுத்தால் அடுத்த ஊர்வரை பேச்சு போகும்.

நான் பணி ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, மாநிலப் போட்டிக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும் இறுதி ஆட்டம் செஞ்சியிலேயே நடந்தது. ஒரு பக்கம் அனந்தபுரத்து அரசுப் பள்ளிப் பெண்கள். மறுபக்கம் வெளியூர்த் தனியார் பள்ளி ஒன்று. அதன் கேப்டன் நிவேதா மட்டும் செஞ்சிப் பெண். கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருப்பவரின் மகள். அவர்களுடைய பயிற்சியாளரை மோகன் என்று குறிப்பிடுகிறேன். பிளேட்டுக்குப் பின்னால் நான். ஸ்கோர் மேசையருகே, வழக்கம்போல் நாற்காலியைத் தொடாமல், தணிகாசலம் ஐயா.

அனந்தபுரம் கொண்டுவந்தது இரண்டே மட்டைகள். காலையில் ஒன்றில் பஞ்சிழை சிக்கியது. துண்டில் சுற்றி வைத்தேன். மற்றொன்றுக்குப் பொட்டு வைத்தேன். அவர்களுடைய ஆசிரியை, "சார், இது ஒன்னுதான் சார் இருக்குது" என்றார். "ஒன்று போதும், அது நன்றாக இருந்தால்" என்றேன். விதி அப்படித்தான்.

கடைசி இன்னிங்ஸில் அனந்தபுரம் ஒரு ரன் பின்தங்கியிருந்தது. இருவர் அவுட்; மூன்றாமவரும் அவுட்டானால் ஆட்டம் முடிந்துவிடும். முதல் பேஸில் ஒரு பெண் நின்றாள். அடுத்து ஆடியவள் பந்தை நன்றாக அடித்துவிட்டு, மட்டையை எறிந்துவிட்டு ஓடினாள். எதிரணி பந்தைத் தவறவிட்டு எடுத்துவருவதற்குள் இருவரும் இரண்டாம், மூன்றாம் பேஸ்களை அடைந்துவிட்டார்கள். ஆனால் எறிந்த மட்டை, எங்கள் மைதானத்தின் ஓரத்தில் யாராலும் பெயர்க்க முடியாமல் பாதி புதைந்து கிடக்கும் பாறையில் போய் மோதியது. அந்த ஓசையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எடுத்து வளையத்தைப் போட்டேன். பாதியில் நின்றது. அதையும் துண்டில் சுற்றினேன்.

அடுத்து ஆட வேண்டியவள் அஞ்சலை. தளவானூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து படிக்கும் பெண். வெறுங்காலோடு, வெறுங்கையோடு என்முன் வந்து நின்றாள்.

"சார், எங்களாண்ட வேற பேட்டு இல்ல சார்."

"மட்டையோடு வர வேண்டும்" என்றேன்.

கூட்டத்திலிருந்து ஒருவர், "கையாலயே அடிச்சிட்டுப் போவட்டும் சார்!" என்று கத்தினார். சிரிப்பு எழுந்தது. அஞ்சலை சிரிக்கவில்லை. மூன்றாம் பேஸில் நின்றவள் வாயில் கைவைத்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். மாநிலப் போட்டி என்பது அந்தப் பிள்ளைகளுக்கு இரயிலில் ஏறுவது. சீருடைச் சட்டையில் மாவட்டத்தின் பெயர். அதைவிட மேலாக, அடுத்த ஆண்டும் வீட்டில் ஆட விடுவார்களா என்ற கேள்விக்கு விடை.

கேட்சராக என் முன்னால் குந்தியிருந்த நிவேதா முகக்கவசத்தைக் கழற்றினாள். "இருடி, வந்துடறேன்" என்று தன் அணியின் பைகள் கிடந்த இடத்துக்கு ஓடினாள். ஒரு பையின் அடியில் கைவிட்டுப் புது மட்டை ஒன்றை உருவி எடுத்துவந்தாள்.

"இந்தாடி, இத்த வச்சி அடி. இருக்கறதுலயே இதுதான் நல்லா போவும்."

தன் அணியைத் தோற்கடிக்க வந்து நிற்பவளுக்கு, தன்னிடம் உள்ளதில் நல்லதைக் கொடுத்தாள். எங்கள் வழக்கத்தின் ஒழுங்கு அது. அவளுக்கு வேறு ஒன்றும் தெரியாது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அஞ்சலை மட்டையை வாங்கிக்கொண்டு கட்டத்தை நோக்கித் திரும்பினாள்.

அப்போது மைதானத்தின் மறுமுனையிலிருந்து மோகனின் குரல் வந்தது.

"நிவேதா! அத்தக் குடுக்காத! அத்த உள்ள வை!"

மட்டையைப் பார்த்தேன். பிடிக்குக் கீழே சிவப்புப் பொட்டு இல்லை. அஞ்சலையின் வலக்கால் சுண்ணாம்புக் கோட்டுக்கு மேலே உயர்ந்திருந்தது. இறங்கினால் அவுட். அவுட் என்றால் ஆட்டம் முடிந்தது. மட்டை திருத்தப்பட்டது என்றும் தெரியவந்தால், திருத்தியவர் வேடிக்கை பார்க்க, கடன் வாங்கியவள் வெளியேற்றப்படுவாள். நான் செய்யவேண்டியது சும்மா நிற்பது. பல ஆண்டுகள் நான் பயின்ற வேலை அதுதான்.

என் கை உயர்ந்தது. "டைம்!" என்று ஆட்டத்தை நிறுத்திய குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

அஞ்சலை ஒற்றைக்காலில் தடுமாறி, தூக்கிய காலைப் பின்னால் வைத்தாள். மோகன் ஓடிவந்தார். வந்துசேர்வதற்குள் அவர் பேச்சு மாறிவிட்டது.

"சார், அந்தப் பொண்ணு உள்ள வந்துடுச்சி. செக் பண்ணாத பேட்டு சார் அது. அவுட்டு குடுங்க!"

"இன்னாய்யா இது, இப்பதான் குடுக்காதன்னாரு, இப்ப குடுன்றாரு!" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"கால் தரையைத் தொடவில்லை. அவுட் இல்லை" என்றேன். மட்டையை வாங்கி எனக்குப் பின்னால் வைத்தேன். நிவேதா ஒன்றும் புரியாமல் என்னையும் பயிற்சியாளரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு தானாகவே போய், பொட்டு வைத்த மட்டை ஒன்றைக் கொண்டுவந்து அஞ்சலையிடம் கொடுத்தாள். அஞ்சலை இரண்டாவது பந்தை இரண்டாம் பேஸுக்கு மேலாக அடித்தாள். இருவரும் ஓடிவந்து சேர்ந்தார்கள். அனந்தபுரம் வென்றது.

மோகன் முறையீடு செய்தார். நடுவர் முன்கூட்டித் தடுத்து ஓர் அணிக்கு உதவினார் என்பது முறையீடு. ஸ்கோர் மேசையருகே தணிகாசலம் ஐயா எங்கள் இருவரையும் நிறுத்தினார்.

என்னிடம் ஒரே கேள்வி: "நீங்க டைம் சொல்லும்போது கால் எங்க இருந்துச்சு?"

"கோட்டுக்கு மேலே, காற்றில், ஐயா. தரையைத் தொடவில்லை."

தலையசைத்து மோகன் பக்கம் திரும்பினார். "அம்பயருக்கு முன்னாடி ஒரு சத்தம் கேட்டுச்சு. யாரு அது?"

"நான்தான் ஐயா. செக் பண்ணாத பேட்டாச்சே, நம்ம பொண்ணு தெரியாம குடுக்குதேன்னு..."

"அப்படின்னா மொதல்ல தடுத்தது நீங்க. அம்பயர் ரெண்டாவது."

மோகன் தம் அணியின் பைகள் கிடந்த பக்கம் பார்த்தார்.

"காலையில எல்லா பேட்டும் தார்ப்பாய்க்கு வந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? இது எங்க இருந்துச்சு?"

ஐயா அந்த மட்டையை வாங்கினார். கட்டைவிரல் மூடியின் விளிம்பில் போய் நின்றது. பஞ்சும் வளையமும் தேவைப்படவில்லை. ஒருகணம் கையில் ஏந்திப் பார்த்து, "லேசா இருக்குது" என்றார். பிறகு தம் துண்டை எடுத்து அதைச் சுற்றினார்.

முறையீடு தள்ளப்பட்டது. அனந்தபுரத்துப் பிள்ளைகள் மைதானத்தின் நடுவே குதித்துக்கொண்டிருந்தார்கள். என்னுள்ளும் ஒரு நிமிர்வு இருந்தது. எல்லோரும் கலைந்தபின் ஐயா என்னைத் தம் பக்கம் அழைத்தார்.

"மேட்ச் ரிசல்ட் அப்படியே நிக்கும்" என்றார். "நீ இனிமே பிளேட்டுக்குப் பின்னாடி நிக்க மாட்ட."

அந்த 'நீ' இப்போதும் என் காதில் இருக்கிறது. நான் காரணம் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை. அதன்பின் எனக்கு ஓரத்து பேஸ்களில் நிற்கும் பணி வந்தது, ஸ்கோர் எழுதும் பணி வந்தது, பிளேட் வரவில்லை. அடுத்த ஆண்டு ஐயாவும் முழங்கால் வலி என்று தலைமைப் பொறுப்பைவிட்டு விலகினார். புதிதாக வந்தவர்களும் ஏற்பட்ட வழக்கத்தை மாற்றவில்லை.

கடைத்தெரு சும்மா இருக்குமா? முறையீடு தள்ளப்பட்டது என்பது யாருக்கும் நினைவில்லை. பிளேட் என்னிடமிருந்து போனது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. என் மனைவி பிறந்த ஊர் அனந்தபுரம். இதைவிட வேறென்ன வேண்டும்? "சாரு மாமியார் ஊட்டுக்கு மரியாதை பண்ணிட்டாரு" என்றார்கள். ஒருநாள் தாழ்ப்பாள் வாங்கப் போனபோது நிவேதாவின் தந்தை, கல்லாவில் இருந்தபடியே சொன்னார்:

"இன்னா சார், எங்க பொண்ணு பேட்டைத்தான் குடுத்துச்சு. நீங்க மேட்ச்சையே குடுத்துட்டீங்களே."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தாழ்ப்பாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். உள்ளே கணக்கு நோட்டின்மேல் தலைகுனிந்திருந்த நிவேதா நிமிரவேயில்லை. என் பெயரைக் காப்பாற்ற நான் வாய்திறந்திருக்கலாம். ஆனால் அந்த மட்டை திருத்தப்பட்டது என்று சொன்னால், கொடுத்தவள் அவள் என்பதும் சேர்ந்தே ஊருக்குப் போகும். ஆகவே மோகனோடும் பேசாமல், ஊரோடும் பேசாமல் இருந்தேன்.

இரக்கத்தால் கையைத் தூக்கினேன் என்று பாஸ்கர் போன்றவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். அதையும் நான் மறுக்கிறேன். இரக்கம் நடுவருக்கு உரிய காரணம் அன்று. திருத்தியவன் கையை எட்ட முடியாத விதி, வாங்கியவள் கையைப் பிடிப்பது விதியின் கருத்தாக இருக்க முடியாது என்று என் அறிவு கண்டது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கை எழுந்த விரைவை நினைத்தால், அறிவு அவ்வளவு வேகமாக ஓடியிருக்குமா என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்விதான் என்னை மாடிக்கும் வாசலுக்கும் நடக்க வைக்கிறது.

பாஸ்கர் பேசிய மறுநாள் அவலூர்பேட்டைக்குப் பேருந்து ஏறினேன். நான் செய்தது இன்று முறையாகிவிட்டது என்பதை ஐயாவின் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது. வேறு எதற்காகவும் போகவில்லை.

ஐயாவுக்கு வயதாகிவிட்டது. வெள்ளைச் சட்டையின் மடிப்பு மட்டும் அப்படியே இருந்தது. என்னைக் கண்டதும், "வா" என்றார். வகுப்பில் சொன்னதை வரிசையாகச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா, இப்ப எல்லா மேட்ச்லயும் பத்துப் பேரு ஆடறாங்கன்னு சொல்லு."

என் முகம் மாறியிருக்க வேண்டும். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஒன்னு கேக்கறேன். அன்னைக்கு நீ டைம் சொல்லலன்னா, அந்தப் பொண்ணு கால் எங்க எறங்கியிருக்கும்?"

இத்தனை ஆண்டுகளில் என்னை யாரும் கேட்காத கேள்வி. "உள்ளேதான், ஐயா" என்றேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். கால் எங்க இருந்துச்சுன்னு கேட்டேன். எங்க போவுதுன்னு நான் கேக்கல. கேட்டிருந்தா நீ பொய் சொல்ல மாட்ட. மேட்ச் ரிசல்ட் நின்னிருக்காது." சட்டையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். "நீ பத்தாவது ஆளு. நான் பதினோராவது."

"பிறகு என்னை மட்டும் ஏன் ஐயா நிறுத்தினீங்க?"

"உன்னை நிறுத்த நான் இருந்தேன். என்னை நிறுத்த ஆளு இல்ல. அடுத்த வருஷம் நானே நின்னுக்கிட்டேன்." தம் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "இது இன்னிக்கி வரைக்கும் ஒரு நாள் வலிச்சதில்ல."

புறப்படும்போது வாசல்வரை நடந்துவந்தார். உறுதியான நடை.

திரும்பும் பேருந்தில் கூட்டம் குறைவு. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "சார், பின்னாடி இடம் காலியாத்தான் இருக்குது. உக்காருங்க" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன்.

வண்டி குலுங்கியது. விழாமல் இருக்க இரண்டு முழங்கால்களையும் சற்றே மடக்கி, உடலை முன்சாய்த்து, செஞ்சி வரும்வரை நின்றுகொண்டே வந்தேன்.